பாகாலா பாயிண்ட்ஸ்மேனின் முப்பத்தொரு பிள்ளைகள்

அந்தக் கட்டுரையை எழுதியவன் நான் அல்ல.

முப்பது வருஷமாக அது என் பெயரில் வழங்கி வருகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தவர்கள் பலருக்கு அது தெரியும். 'ஒரு ரயில் பிரயாணம்' என்று தலைப்பு. நீங்களும் அதை உருப்போட்டிருக்கலாம். உருப்போட்டிருந்தால், தெரிந்துகொள்ளுங்கள்: அதை எழுதியவள் பதினேழு வயதுப் பெண். பெயர் சாராள். நான் அவளுடைய வாத்தியார். அவளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டேன்... எடுத்துக்கொண்டேன் என்பது நாகரிகமான சொல். திருடினேன்.

அப்போது மெட்ரிகுலேஷன் என்று பெயர். வருஷக் கடைசியில் ஒரே பரீட்சை. மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் ஆங்கிலத்தில் தவறினால் எல்லாவற்றிலும் தவறியதுதான். தேறினவனுக்குக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம், காலேஜ், வைத்தியப் படிப்பு. தவறினவனுக்கு ஒன்றுமில்லை. அந்த வாசலில் நிற்கும் பையன்களுக்கு, சித்தூரில் ஒரு மிஷன் உயர்தரப் பள்ளியில், நான் ஆங்கிலம் கற்பித்தேன்.

ஆங்கிலமா கற்பித்தேன்? இல்லை. கேள்வித்தாளைக் கற்பித்தேன்.

வாக்கியத்தைப் பிரித்து இது பெயர்ச்சொல், இது வினைச்சொல் என்று எழுதுவது ஒரு கேள்வி. செய்யுளை உரைநடையாக்குவது ஒரு கேள்வி. ஒரு கட்டுரை. கட்டுரைக்குப் பசு, மழை, ரயில், நேர்மை என்று பத்துப் பன்னிரண்டு விஷயங்கள்தான் மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை சொல்லி எழுத வைப்பேன். மறுநாள் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டவனைப் பெஞ்சின் மேல் ஏற்றினேன். புது வாக்கியத்தில் புதுப் பிழை இருக்கும், பிழைக்கு மார்க்குப் போகும் என்று அவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே சொந்த ஆங்கில வாக்கியம் கிடையாது! ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது மிஷன் துரைசானி வழியில் நின்று, என் மனைவியின் ஜலதோஷம் எப்படியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு எல்லாக் காலங்களும் தெரியும், எல்லா விதிகளும் தெரியும். வாயில் ஒரு சொல் வரவில்லை. "எஸ் மேடம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீடு வந்து சேர்வதற்குள் அவர் கேட்ட கேள்வியை எழுவாய், பயனிலை என்று தவறில்லாமல் பிரித்து முடித்துவிட்டேன்.

இப்படிப்பட்டவனிடம் படிக்க வந்தாள் சாராள்.

அவள் தகப்பன் பாகாலா ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் நின்று, வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் லீவரை இழுத்துவிடுகிற வேலை. அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால், வீட்டில் ஆங்கிலமே பேசுகிற ஆங்கிலோ இந்தியரான, ஒரு சட்டைக்கார ரயில் கார்டின் வீடு. கார்டின் மனைவிக்குப் பிள்ளையில்லை. நாலு வயதிலிருந்து சாராள் அந்த அம்மாளின் கோழிகளுக்குப் பின்னால் ஓடி, முட்டை பொறுக்கி, வசவு வாங்கி, கொஞ்சல் வாங்கி வளர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் அப்படி வந்தது.

பிறகு சித்தூர் மிஷன் பெண்கள் விடுதிக்கு வந்தாள். பெண்கள் பள்ளியில் மேல் வகுப்பு இல்லாததால் எங்கள் மெட்ரிகுலேஷன் வகுப்பில் சேர்த்தார்கள். முப்பது பையன்கள், சுவரோரம் தனிப் பெஞ்சில் அவள். முதல் தடவையிலேயே தேறினால் மதராசுக்கு அனுப்பி வைத்தியம் படிக்க வைப்பதாகத் துரைசானி சொல்லியிருந்தார். ஒரு தடவைதான். இரண்டாவது வாய்ப்புக்கு மிஷனில் வழியில்லை.

வாக்கியத்தைப் பிரிக்கச் சொன்னால் அவள் விழிப்பாள். அது என்ன காலம் என்று கேட்டால் தெரியாது. ஆனால் நான் கரும்பலகையில் தப்பாக ஏதாவது எழுதிவிட்டால், செருப்புக்குள் கல் புகுந்ததுபோல் உட்கார்ந்த இடத்தில் நெளிவாள். அதைப் பார்த்துப் பார்த்து, அவள் நெளிந்தால் சத்தமில்லாமல் அழித்துத் திருத்திக்கொள்ளப் பழகினேன். இதுவும் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. கட்டுரை சொல்லி எழுத வைக்கக் குரல் இல்லை. 'ஒரு ரயில் பிரயாணம்' என்று பலகையில் எழுதி, நீங்களே எழுதுங்கள் என்று சைகை காட்டினேன். பையன்கள் மிரண்டுபோனார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தவற்றைப் பார்த்தால்... ஒருவன் முன்பு படித்த பசுக் கட்டுரையை அப்படியே எடுத்து, பசு வருமிடத்தில் எல்லாம் ரயிலைப் போட்டிருந்தான். ரயில் ஒரு சாதுவான பிராணி என்று இருந்தது.

நோட்டுகளின் அடியில் சாராளின் நோட்டு இருந்தது.

அதைப் படித்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் எட்டு, பத்துச் சொல்லுக்கு மேல் போகாத சின்னச் சின்ன வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எங்கள் ஊரில் தண்டவாளம் பிரிகிறது. எந்த வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது என் தந்தையின் கையில் இருக்கிறது. நான் பள்ளிக்குப் புறப்பட்ட நாளில் என் வண்டிக்கும் அவர்தான் லீவரை இழுத்தார். நான் ஜன்னலில் நின்று அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேறு ஊருக்குப் போயிருப்பேன்."

அவ்வளவுதான்... அதற்குப் பிறகு வழியில் கண்ட குளங்கள், பாறைகள், சித்தூர் ஸ்டேஷன் எல்லாம் வந்தன. நான் அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டவில்லை. பன்னிரண்டு வருஷம் நான் கற்பித்த பாஷை இதுதானா? இதில் இப்படியும் பேச முடியுமா? இத்தனை நாள் மூடிய பெட்டியின் வெளிப்பூட்டை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேனா? கண்ணில் நீர் வந்தது. பயமாகவும் இருந்தது. நோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன். ஏன் துடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு எழுத்துப் பிழையையும் இரண்டு காற்புள்ளிகளையும் திருத்தினேன். அதற்கு மேல் அதில் திருத்த ஒன்றுமில்லை.

தொண்டை சரியானதும் அதை வகுப்புக்குச் சொல்லி எழுத வைத்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. அன்று திருட்டு எண்ணம் இருந்ததா? சத்தியமாக இல்லை என்றுதான் நினைக்கிறேன்... நல்ல கட்டுரை, எல்லோருக்கும் மார்க்கு வரும், அவ்வளவுதான். பையன்கள் மடமடவென்று எழுதினார்கள். சாராள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எனக்குத் தெரியும் சார் என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததேயில்லை. கௌரவம் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு வாரம் கழித்து வகுப்பு அதை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியர் துரை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். வக்கீல் மகன், தானிய மண்டிக்காரர் மகன், பலமனேரிலிருந்து வந்த பெரிய விவசாயியின் மகன், எல்லோரும் சேர்ந்து, தங்கள் தந்தை லீவரை இழுத்ததாகவும் தங்களைப் பார்க்கவில்லை என்றும் முழங்கினார்கள். முடியும்வரை துரை அசையவில்லை. முடிந்ததும் இதை எழுதியது யார் என்று கேட்டார்.

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். சாராளும் என்னைப் பார்த்தாள்.

நான் எழுதியது, நம் மாணவி ஒருத்தியின் குடும்ப நிலையை வைத்துக் கற்பனை செய்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன்! என் வாயிலிருந்து சரளமாக வந்த முதல் ஆங்கில வாக்கியம் அந்தப் பொய்தான்.

துரை என் தோளில் கை வைத்தார். உங்களுக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கையின் கனம் எவ்வளவு இனிமையாக இருந்தது, தெரியுமா? சுவரோரப் பெஞ்சை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார் செய்தால் காரணம் இருக்கும் என்று நினைக்கிற வயது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும், மற்றவர்கள் போன பிறகு மேஜையருகே வந்து நின்றாள்.

"சார், ரயிலு வந்துச்சின்னா எல்லாரும் அதையேதான் எழுதுவாங்க. நான் வேற எழுதட்டுமா? எனக்கு எழுத வரும்."

வரும் என்று எனக்குத் தெரியும். அவளை விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னேன்:

"வேண்டாம். புதுசா எழுதினா தப்பு வரும். ஒரு வார்த்தை மாத்தாம அதையே எழுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் நாக்கில் வந்து உட்கார்ந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதி... அவள் இன்னொன்று எழுதி, அது இதைவிட நன்றாக இருந்து, மதராசிலிருந்து பாராட்டு வந்து, துரையின் கண்ணில் பட்டுவிட்டால்? இரண்டும் ஒரே கை என்று தெரிந்துவிடுமே! அந்தப் பயத்தை அப்போது எனக்கே காட்டாமல் மறைத்துக்கொண்டேன்.

கேள்வித்தாளில் பிரயாணம் பற்றிக் கட்டுரை வந்தது. பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். சாராள் கடைசியில் வந்தாள். நீங்கள் சொன்னபடியே எழுதினேன் சார் என்று சொல்லிவிட்டு விடுதிக்கு நடந்தாள்.

முடிவு கெஜட்டில் வருவதற்கு முன்பே துரைக்கு மதராசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என்னை அழைத்து அவரே படித்துக் காட்டினார். முப்பத்தொரு பேர் ஒரே கட்டுரையை எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கும் கட்டுரைக்கு மார்க்குப் போடவில்லை, விளக்கம் வேண்டும் என்றிருந்தது. பாகாலா பாயிண்ட்ஸ்மேனுக்கு முப்பத்தொரு பிள்ளைகளா என்று கடைசியில் ஒரு வரி. துரையின் முகம் சிவந்துவிட்டது.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். முப்பது பேர் ஒப்பித்தார்கள், ஒருத்தி எழுதினாள் என்று. ஐப்பசியில் அவள் எழுதிய நோட்டு என் அலமாரியில்தான் இருந்தது. அதைக் காட்டினால் போதும், அவர் உடனே மதராசுக்கு எழுதியிருப்பார். நேர்மையான மனிதர்.

அது நான் வகுப்பில் கொடுத்த நோட்ஸ் என்றேன். பழியை என்மேல் போட்டுக்கொள்வதுபோல் தலை குனிந்து சொன்னேன். அந்தக் குனிவுக்கும் எனக்கு மரியாதை கிடைத்தது!

பாதிப் பையன்கள் தேறிவிட்டார்கள். வாக்கியம் பிரித்ததிலும் இலக்கணத்திலும் வாங்கிய மார்க்கு அவர்களைக் கரை சேர்த்தது. சாராள் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலத்தில் சில மார்க்கில் தவறினாள். ஆமாம், ஆங்கிலத்தில்! அந்த ஜில்லாவில் ஆங்கிலம் உயிரோடு இருந்த ஒரே மாணவி ஆங்கிலத்தில் தவறினாள். பூட்டைத் துடைக்கக் கற்றவர்கள் உள்ளே போனார்கள்.

முடிவு வந்த நாலாம் நாள் காலையில் அவள் தகப்பன் அவளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நீலச் சட்டை, காய்ப்பேறிய கைகள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்தப் பாடம் தான் எழுதினதுன்னு பாப்பா சொல்லிக்கினு அழுவுது. எனக்கு இங்கிலீசு தெரியாது. அது எழுதினதா இருந்தா, தொரை கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். போதும்."

நான் திருத்திக் கொடுத்ததுதானே, திருத்திய பிறகு இது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது, துரையும் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார் என்று எதையெதையோ சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எனக்காகச் சங்கடப்பட்டதுபோல் இருந்தது. புறப்படப் போனவர் நின்று, மகளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"நான் இதைப் பார்க்கலைன்னு எழுதிக்கிதாமே சார். பார்த்தேன். கடைசிப் பொட்டி பாயிண்ட்டைத் தாண்டினதும் லிவரை உட்டுட்டுத் திரும்பிப் பார்த்தேன். அதுக்குள்ள இது தலைய உள்ள இஸ்துக்கிச்சி."

சாராள் சட்டென்று தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது அன்றுதான் தெரிந்தது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்தப் பெரிய விஷயத்தை, நான் மார்க்குக்காக முப்பது வாயில் போட்டு மெல்லவிட்டிருந்தேன்! என் வீட்டு நடையில் நின்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன்.

அவள் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் முதல் உதவி ஆசிரியன் ஆனேன். என் கட்டுரைகள் நோட்ஸ் புத்தகமாக அச்சாயின. 'ஒரு ரயில் பிரயாணம்' அதில் முதல் கட்டுரை. பரீட்சையின் பெயர் மாறியது. புத்தகம் மாறவில்லை. இனிமேல் அப்படியே எழுதாதீர்கள், தந்தையின் உத்தியோகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் எச்சரித்து வந்தேன். நான் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு என் மகள் பியூலாவுக்குத் திருப்பதியில் தலைப்பிரசவம். அவள் புருஷனுக்கு அங்கே ரயில்வே குமாஸ்தா வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஆஸ்பத்திரிக் காகிதம் தொங்கியது. சும்மா எடுத்துப் பார்த்தேன். நிலைமை திருப்தி, நிலைமை திருப்தி என்று யாரோ வரிசையாக எழுதியிருந்தார்கள். நடுவில் வேறொரு கையெழுத்து. தமிழில் சொல்கிறேன்:

"தாய்க்குக் களைப்பு. அவள் அதோடு சண்டை போடவில்லை. குழந்தை ஜன்னலைத் தேடுகிறது."

அந்தக் கையெழுத்து எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த ஆங்கிலம்... அதை எழுத இந்த உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்! இருபத்து நாலு வருஷம் கழித்து, ஒரு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வராந்தாவில் அவளைக் கண்டேன். வெள்ளைச் சேலை, காதோரம் நரை. கும்பிட்டாள். என் மகள் என்று முதல் நாளே தெரியுமாம்.

"உங்க பொண்ணு வலியிலயும் வாய் ஓயல சார். எங்க நைனா எழுதினது இதுன்னு அந்தப் பாடத்தை எனக்கு முழுசா ஒப்பிச்சிச்சி. நல்லா சொல்லுது."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாராள், அது நீ எழுதியது, நான் எழுதவில்லை என்றேன். இருபத்து நாலு வருஷம் தொண்டையில் கிடந்தது அவ்வளவு சின்னதாக வெளியே வந்தது.

அவள் வார்டுக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சி சார். தொரை, பசங்க, எல்லாரும் நீங்க எழுதினதுன்னாங்க. ஒருவேளை எங்க வூட்டுக் கதைய உங்க கிட்ட சொல்லி, நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களோ, நான்தான் மாத்தி நெனச்சிக்கினேனோன்னு... அப்பறம் இந்தக் கேஸ் சீட்டு தவிர இங்கிலீசுல ஒண்ணும் எழுதல."

நான் அவள் வாழ்க்கையை எடுத்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் ஞாபகத்தையும் எடுத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியாது.

துரை ஊருக்குத் திரும்பி அங்கேயே இறந்துவிட்டார், யாரிடம் எழுதிச் சொல்வது என்று தெரியவில்லை, நீ சொன்னால் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று உளறினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"இப்ப எதுக்கு சார் சொல்றீங்க?"

அவளுக்காகவா? எனக்காகவா? உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். பொண்ணுக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

கட்டிலருகே திரும்பியபோது பியூலா விழித்திருந்தாள். நர்சம்மாவோடு அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் நைனா என்று கேட்டாள்.

சும்மா, பழைய மாணவி என்றேன்.

உங்களுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் யாரோ, முகம் தெரியாதவர். உங்களிடம் சொல்வது சுலபம். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு நான் மகள் வீட்டோடேயே தங்கிவிட்டேன்; இப்போதும் அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். ஆறு வருஷமாக இருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.